கடல் உறைந்தால் காற்றாலைக்கு என்ன ஆகும்? மெதுவாக நகரும் பனி ராட்சத கோபுரத்தையே ஆட்டிவைப்பது எப்படி?

நடுக்கடலில் 100 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது ஒரு காற்றாலை. சுற்றிலும் அலைகள் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளையாகப் பனிதான். பார்த்தால் எல்லாம் அசையாமல் கிடப்பது போலத்தான் தெரியும். ஆனால் அந்தப் பனிப்பாளம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. காற்றாலையின் அடிப்பகுதியை அழுத்தி, நொறுங்கி, மீண்டும் அழுத்திக்கொண்டே கடந்து போகிறது.

புயல் காற்றையும் ஆளுயர அலைகளையும் சமாளிக்கும் காற்றாலை, தவழும் குழந்தையை விட மெதுவாக வரும் பனியிடம் ஏன் திணறுகிறது? உறையும் கடலில் காற்றாலை அமைக்க என்னதான் வழி? விரிவாகப் பார்க்கலாம்.

கடல் உறையுமா? எங்கே?

உப்பு இருப்பதால் கடல்நீர் 0 டிகிரியில் உறையாது. ஒரு கிலோ நீரில் சுமார் 35 கிராம் உப்பு உள்ள பெருங்கடல் நீர் உறைய, வெப்பநிலை மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸுக்குப் போக வேண்டும்.

ஆனால் பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் நடுவில் உள்ள போத்னியா வளைகுடாவின் கதை வேறு. பால்டிக் கடலின் வடகோடி இது. ஏராளமான ஆறுகள் இங்கே வந்து கலக்கின்றன. அதனால் வளைகுடாவின் வடக்குப் பகுதியில் ஒரு கிலோ நீருக்குச் சுமார் 3 கிராம் உப்புதான். கிட்டத்தட்ட நல்ல தண்ணீர் மாதிரி. 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே போனாலே உறைய ஆரம்பித்துவிடும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உப்பு குறைவான நீரில் உருவாகும் பனி, அதிக உறுதியாக இருக்கும். உப்பு நீர் உறையும்போது பனிக்குள் சின்னச் சின்ன உப்புநீர்க் குமிழ்கள் சிக்கிக்கொள்ளும். அவைதான் பனியைப் பலவீனமாக்குபவை. பால்டிக் பனியில் அந்தப் பலவீனம் குறைவு.

சீனாவின் போஹாய் கடல், அமெரிக்காவின் அலாஸ்காவில் உள்ள குக் இன்லெட், கனடாவின் பல கடலோரங்கள் ஆகியவையும் குளிர்காலத்தில் பனி மூடும் பகுதிகள்தான்.

பனி எவ்வளவு பலமாகத் தள்ளும்?

உறைபனிக் கடல்களில் கட்டப்படும் கட்டமைப்புகளுக்கு ஐஎஸ்ஓ 19906 என்ற சர்வதேச தரநிலை உள்ளது. அதில் பனியின் விசையைக் கணக்கிட ஒரு சூத்திரம் தரப்பட்டிருக்கிறது.

அதன்படி ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பால்டிக் கடலில் 8 மீட்டர் அகலமுள்ள ஒரு தூண். அதன் மீது 1 மீட்டர் தடிமன் உள்ள பனிப்பாளம் மோதி நொறுங்குகிறது. அப்போது தூண் தாங்க வேண்டிய விசை, சுமார் 1,000 டன் எடைக்குச் சமம். ஒரு யானை 5 டன் என்று வைத்துக்கொண்டால், 200 யானைகளின் எடை!

சரி, பனியின் தடிமன் அரை மீட்டராகக் குறைந்தால்? விசை 500 டன்னாகக் குறையும் என்றுதானே தோன்றும். ஆனால் அதே சூத்திரம் தரும் விடை சுமார் 600 டன். தடிமன் பாதியானாலும் ஆபத்து பாதியாகக் குறைவதில்லை.

இது சமதளமான பனிக்கான கணக்கு. காற்று வேகமாக வீசும்போது பனிப்பாளங்கள் ஒன்றோடொன்று மோதி, உடைந்து, ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி மேடுகளாகக் குவியும். இந்தப் பனி மேடுகளின் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில்தான் இருக்கும். மேலே பார்த்தால் ஆளுயரம். அடியில் 10 மீட்டரைத் தாண்டியும் இறங்கியிருக்கும். இப்படி ஒரு மேடு வந்து மோதினால் என்ன ஆகும் என்பதையும் பொறியாளர்கள் தனியாகக் கணக்கிட வேண்டும்.

மோதலை விட ஆபத்தானது அதிர்வு

1,000 டன் விசை பயமுறுத்தினாலும், அதைத் தாங்கும் அளவுக்குக் கனமான அடித்தளம் கட்டுவது இன்றைய தொழில்நுட்பத்துக்கு முடியாத காரியம் இல்லை. பொறியாளர்களுக்குத் தலைவலி தருவது அந்த விசை வந்து வந்து போகும் தாளம்தான்.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே தள்ளலில் யாரும் உயரமாக ஆடுவதில்லை. ஊஞ்சல் திரும்பி வரும் சரியான நேரத்தில் லேசாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் போதும், ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். ஒவ்வொரு கோபுரத்துக்கும் இதே மாதிரி இயல்பான ஓர் ஆட்ட வேகம் உண்டு.

நேராக நிற்கும் தூணில் பனி மோதும்போது, பனியின் வேகத்தைப் பொறுத்து மூன்று விதமான விளைவுகள் ஏற்படும்.

* மிக மெதுவாக வந்தால்: பனி தூணை அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக வளைக்கும். ஒரு கட்டத்தில் பனி நொறுங்கும். தூண் 'விசுக்' என்று பழைய நிலைக்குத் திரும்பும். பிறகு மறுபடியும் அழுத்தம் ஏறும்.

* சற்று வேகம் கூடினால்: பனி நொறுங்கும் தாளமும் தூண் ஆடும் தாளமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். இதுதான் ஊஞ்சல் நிலை. மூன்றிலும் மிகவும் கவலைக்குரியது இதுதான்.

* வேகமாக வந்தால்: பனி அங்கங்கே தாறுமாறாக, தொடர்ந்து நொறுங்கிக்கொண்டே இருக்கும். ஒழுங்கான தாளம் கிடையாது. அதனால் அதிர்வு ஓரளவு குறைவு.

இரண்டாவது நிலை பெரும்பாலும் பனி விநாடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நகரும்போது ஏற்படுகிறது. அதாவது நிமிடத்துக்குச் சில மீட்டர்தான். வேகமாக வரும் பனியை விட மெதுவாக வரும் பனியே அதிகம் ஆட்டிப்படைக்கும் என்பதுதான் இதில் விநோதம்.

இதற்குக் காரணம் பனியின் குணம். மெதுவாக அழுத்தினால் அது கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும்; தூணோடு நன்றாக ஒட்டி, பலமாகத் தள்ளும். வேகமாக அழுத்தினால் கண்ணாடி போலச் சிதறிவிடும். தூண் முன்னும் பின்னும் ஆடும்போது, இந்த இரண்டு குணங்களும் மாறி மாறி வந்து ஆட்டத்துக்குத் தீனி போடுகின்றன.

இதெல்லாம் நிஜத்தில் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. காற்றாலைகள் கடலுக்குப் போவதற்கு முன்பே எண்ணெய்க் கிணறு மேடைகளும் கலங்கரை விளக்கங்களும் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டன.

அலாஸ்காவின் குக் இன்லெட் பகுதியில் 1960-களில் அமைக்கப்பட்ட எண்ணெய் மேடைகள், பனி வந்து மோதியபோது அதிர்ந்தன. பனியால் ஏற்படும் அதிர்வு பற்றிய ஆரம்பகால அளவீடுகள் கிடைத்தது இங்கேதான்.

1969-ல் சீனாவின் போஹாய் கடல் வழக்கத்துக்கு மாறாகக் கடுமையாக உறைந்தது. அப்போது நகர்ந்த பனி, ஓர் எண்ணெய் மேடையையே சாய்த்துவிட்டது.

1986 ஏப்ரல் 12. கனடாவின் பியூஃபோர்ட் கடலில் 'மோலிக்பாக்' என்ற எண்ணெய்த் துரப்பண மேடை நின்றிருந்தது. எஃகுச் சுவர்களுக்கு உள்ளே மணல் நிரப்பிய பிரம்மாண்ட கட்டமைப்பு அது. பல ஆண்டுகள் உருகாமல் இறுகிய பனிப்பாளம் ஒன்று அதன் மீது மோதி நொறுங்கத் தொடங்கியதும் மேடை தொடர்ந்து அதிர்ந்தது. அந்த அதிர்வில் உள்ளே இருந்த மணலின் ஒரு பகுதி, பூகம்பத்தின்போது நடப்பது போலத் திரவ நிலைக்கு மாறத் தொடங்கியது. மேடை தப்பித்தது. ஆனால் அவ்வளவு கனமான கட்டமைப்பையே பனி உலுக்க முடியும் என்பது உலகத்துக்குத் தெரிந்துபோனது.

ஸ்வீடன் பக்கம் போத்னியா வளைகுடாவில் இருக்கும் நோர்ஸ்ட்ரோம்ஸ்குருண்ட் கலங்கரை விளக்கத்தின் சுவரில் விசையை அளக்கும் பலகைகளைப் பொருத்தி, 1999 முதல் 2003 வரை ஆய்வு நடந்தது. பனியின் அழுத்தமும் கோபுரத்தின் அதிர்வும் ஒன்றாகப் பதிவு செய்யப்பட்டன. மேலே சொன்ன சூத்திரத்தில் பால்டிக் கடலுக்குப் பயன்படுத்தும் எண், இங்கே கிடைத்த அளவீடுகளிலிருந்து வந்ததுதான்.

காற்றாலைக்கு மட்டும் ஏன் கூடுதல் சிக்கல்?

எண்ணெய் மேடை அகலமானது, கனமானது. காற்றாலை அப்படி இல்லை. ஒல்லியான உயரக் கோபுரம். அதன் உச்சியில் ஜெனரேட்டரும் இறக்கைகளும் சேர்ந்து நூற்றுக்கணக்கான டன் எடை. ஒட்டடைக் குச்சியின் நுனியில் கல்லைக் கட்டி நிறுத்திவைத்தது போன்ற அமைப்பு. கீழே லேசாக ஆட்டினாலும் மேலே தெரியும்.

பெரிய காற்றாலைகளின் கோபுரம் ஒருமுறை ஆடித் திரும்பப் பொதுவாக 3 முதல் 5 விநாடிகள் எடுக்கும். இறக்கைகள் சுற்றும் தாளத்தோடு இது மோதாதபடி பார்த்துப் பார்த்துத்தான் வடிவமைக்கிறார்கள். அலைகளின் தாளத்தையும் கணக்கில் எடுக்கிறார்கள். பனிக் கடலில் இன்னொரு தாளமும் வந்து சேர்ந்துகொள்கிறது.

இங்கே ஒரு சுவாரஸ்யம். காற்றாலை ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்குக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. கோபுரம் முன்னால் சாயும்போது சுற்றும் இறக்கைகள் காற்றைத் தள்ளி, அந்த ஆட்டத்தைத் தணிக்கின்றன. ஆனால் பழுது காரணமாகவோ, காற்று இல்லாமலோ இறக்கைகள் நின்றுவிட்டால் இந்தப் பாதுகாப்பு பெருமளவு போய்விடும்.

காற்று திசை மாறினாலும் சிக்கல்தான். இறக்கைகள் புதிய திசையைப் பார்த்துத் திரும்பிவிடும். ஆனால் பனி பழைய திசையிலேயே இன்னும் சிறிது நேரம் நகர்ந்துகொண்டிருக்கும். அப்போது கோபுரத்தின் ஆட்டம் பக்கவாட்டில் இருக்கும். அந்தத் திசை ஆட்டத்தை இறக்கைகளால் அவ்வளவாகத் தணிக்க முடியாது.

ஓரிரு முறை ஆடினால் எஃகுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் கடைசியில் முறிகிற மாதிரி, பல ஆயிரம் அதிர்வுகள் சேர்ந்து வெல்டிங் இணைப்புகளிலும் போல்ட்டுகளிலும் நுண்ணிய விரிசலை உண்டாக்கும். 25 ஆண்டுகளுக்கும் மேல் நிற்க வேண்டிய கோபுரத்தின் ஆயுளைத் தின்பது இதுதான்.

வேறு என்னென்ன பாதிப்புகள்?

* பெயின்ட் உரிதல்: தூணில் உரசும் பனி, துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய பெயின்ட்டைச் சுரண்டிவிடும். பிறகு உப்புநீர் நேரடியாக எஃகைத் தொடும்.

* ஏணிக்கு ஆபத்து: ஊழியர்கள் படகிலிருந்து ஏறும் ஏணியும் கைப்பிடிகளும் பனி வந்து மோதும் உயரத்தில்தான் இருக்கும். குவியும் பனி அவற்றை வளைத்துவிடலாம்.

* கேபிள் சேதம்: பனி மேடுகளின் அடிப்பகுதி, ஆழம் குறைந்த இடங்களில் கடல் தரையை உழுதுகொண்டே போகும். மின்சாரம் கொண்டுசெல்லும் கேபிளை ஆழமாகப் புதைக்காவிட்டால் அறுபடும் அபாயம் உண்டு.

* போக முடியாத நிலை: கோடையில் சாதாரணப் படகில் போய்வரும் இடத்துக்குக் குளிர்காலத்தில் அந்தப் படகு போகாது. பனி உடைப்புக் கப்பலோ, ஹோவர்கிராஃப்டோ, ஹெலிகாப்டரோ வேண்டும். சின்னப் பழுதுகூட நாள்கணக்கில் உற்பத்தியை நிறுத்தலாம்.

இதில் ஒரு குழப்பம் வரக்கூடாது. இறக்கைகளின் மீது பனி படிவது வேறு பிரச்சினை. அது காற்றில் உள்ள ஈரத்தால் வருவது. தரையில் உள்ள காற்றாலைகளுக்கும் உண்டு. இங்கே பேசுவது, உறைந்த கடலே நகர்ந்து வந்து கோபுரத்தின் அடியைத் தாக்குவது பற்றி.

தீர்வு என்ன? கடலை மிட்டாய் சொல்லும் ரகசியம்

கடலை மிட்டாயை இரு முனைகளிலும் பிடித்து உள்பக்கமாக அழுத்தி நொறுக்கப் பார்த்தால் கஷ்டம். வளைத்தால்? 'பட்' என்று உடைந்துவிடும். பனியும் அப்படித்தான். அதை நொறுக்கத் தேவைப்படும் விசையை விட, வளைத்து உடைக்கத் தேவைப்படும் விசை மிகவும் குறைவு.

இந்த ரகசியத்தைப் பயன்படுத்தித்தான் 'பனிக் கூம்பு' வடிவமைக்கப்படுகிறது. கடல் மட்டத்தில் தூணைச் சுற்றிச் சரிவான ஒரு கூம்பைப் பொருத்துவார்கள். வந்து மோதும் பனி அந்தச் சரிவில் மேலே ஏறும் அல்லது கீழே வளையும். தன் எடையாலேயே துண்டு துண்டாக உடைந்து விலகிப் போகும்.

2000-ல் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன் அருகே அமைந்த மிடில்குருண்டன் காற்றாலைப் பண்ணையின் 20 கான்கிரீட் அடித்தளங்களிலும் இந்தக் கூம்பு உண்டு. டென்மார்க்கின் நிஸ்டெட், ஸ்வீடனின் லில்குருண்ட் பண்ணைகளிலும் இதே முறைதான். கனடாவில் 1997-ல் திறக்கப்பட்ட சுமார் 13 கி.மீ நீளமுள்ள கான்ஃபெடரேஷன் பாலத்தின் தூண்களையும் இப்படிப்பட்ட கூம்புகள்தான் காக்கின்றன. போஹாய் கடலின் எண்ணெய் மேடைகளுக்குப் பிற்பாடு கூம்புகள் பொருத்தப்பட்டன.

அப்போ எல்லாக் காற்றாலைக்கும் கூம்பு வைத்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். கூம்பு வைத்தால் அடித்தளம் அகலமாகும். கோடையில் அலைகளின் அடி அதிகமாகும். கடல் மட்டம் ஏறி இறங்கும் இடங்களில் கூம்பையும் உயரமாகக் கட்ட வேண்டும். எஃகும் செலவும் கூடும். உடைந்த துண்டுகள் விலகாமல் குவிந்தால் கூம்பின் பலன் குறையும். பனித் துண்டுகள் ஒரே இடைவெளியில் உடைந்தால், கூம்பிலும் அதிர்வு வரலாம். ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகக் கணக்கு போட்டுத்தான் முடிவெடுக்க முடியும்.

பின்லாந்து எப்படிச் சாதித்தது?

பின்லாந்து ஆரம்பத்தில் எடுத்தது பாதுகாப்பான வழி. வடக்கே கெமி நகரத்தின் அயோஸ் துறைமுகப் பகுதியில், கடலுக்குள் செயற்கைத் தீவுகளை உருவாக்கி அவற்றின் மீது காற்றாலைகளை நிறுத்தினார்கள். பனி தீவில் மோதும், கோபுரத்தைத் தொடாது. ஆனால் ஆழமான கடலில் தீவு கட்டுவது கட்டுப்படியாகாது.

அடுத்த முயற்சி, மேற்குக் கடற்கரையில் போரி நகருக்கு அருகே உள்ள தாஹ்கோலுவோட்டோவில் நடந்தது. உடனே பெரிய பண்ணையில் இறங்கவில்லை. 2010-ல் 2.3 மெகாவாட் திறனுள்ள ஒரே ஒரு காற்றாலையைக் கடலில் நிறுத்தி, பல குளிர்காலங்கள் சோதித்துப் பார்த்தார்கள்.

அந்த அனுபவத்தை வைத்து, 2017-ல் தலா 4.2 மெகாவாட் திறனுள்ள 10 காற்றாலைகள் கொண்ட பண்ணை திறக்கப்பட்டது. உறைபனிக் கடலுக்கென்றே வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை என்று இது அறியப்படுகிறது. இதன் அடித்தளம் கடல் தரையில் அடித்து இறக்கிய ஒற்றைத் தூண் கிடையாது. கனமான எஃகு அமைப்பைத் தரையில் உட்காரவைத்து, தன் எடையாலேயே பனியை எதிர்த்து நிற்கும்படி செய்திருக்கிறார்கள்.

செயற்கைப் பனியில் நடக்கும் சோதனை

ஐரோப்பாவின் பெரும்பாலான கடல் காற்றாலைகள் ஒற்றைத் தூண் அடித்தளத்தில்தான் நிற்கின்றன. கட்டுவது எளிது, செலவும் கட்டுக்குள் இருக்கும். பனிக் கடலிலும் கூம்பு இல்லாமல் இந்தத் தூணையே பயன்படுத்த முடியுமா? உறையும் கடல்களில் காற்றாலைகள் பெருகுமா என்பது பெரும்பாலும் இந்தக் கேள்விக்கான விடையில்தான் இருக்கிறது.

இதற்காக 2021-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சீமென்ஸ் கமேசா நிறுவனமும் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் சோதனை நடத்தின. அங்கே 40 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் கொண்ட நீர்த்தொட்டி இருக்கிறது. அதில் பனியை உறையவைத்து, காற்றாலைத் தூணின் மாதிரியை அதற்குள் நகர்த்தினார்கள். தூணின் ஆட்டத்தையும் இறக்கைகளின் மீதான காற்றின் விசையையும் கணினி அந்தக் கணமே கணக்கிட்டு மாதிரிக்குக் கொடுத்தது. இத்தகைய ஆய்வுகளில் கிடைக்கும் தரவுகள்தான், நாளை கட்டப்போகும் தூண்களின் தடிமனைத் தீர்மானிக்கப்போகின்றன.

பனிதான் குறைகிறதே, இனி கவலை எதற்கு?

பருவநிலை மாற்றத்தால் பால்டிக் கடலில் பனி குறைந்துவருவது உண்மை. 2019-20 குளிர்காலத்தில் பனி மூடிய அதிகபட்சப் பரப்பு வெறும் 37,000 சதுர கி.மீ. கடலின் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் குறைவான காலத்துக்கு முன், 2010-11 குளிர்காலத்தில் 3 லட்சம் சதுர கி.மீட்டருக்கும் மேல் உறைந்திருந்தது.

அதாவது சராசரி குறைந்தாலும், திடீரென்று ஒரு கடுமையான குளிர்காலம் வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 25, 30 ஆண்டுகள் நிற்கும் காற்றாலைக்கு அப்படி ஒரே ஒரு குளிர்காலம் வந்தாலும் போதும். அதனால்தான் 50 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய மோசமான நிலையை மனதில் வைத்து வடிவமைக்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. கரையோடு ஒட்டி இறுகிக் கிடக்கும் பனி பெரிதாக நகராது. காற்றாலையை அதிகம் தொந்தரவு செய்யாது. பனி மெலிந்து உடைந்தால் காற்று அதை எளிதாக அங்கும் இங்கும் தள்ளும். தடிமன் குறையும், ஆனால் நடமாட்டம் கூடும். பனி பாதியானாலும் விசை பாதியாவதில்லை என்ற அந்தக் கணக்கு இங்கேயும் பொருந்தும்.

இவ்வளவு சிரமப்பட்டு அங்கே ஏன் கட்ட வேண்டும்?

குளிர்நாடுகளில் மின்சாரம் அதிகம் தேவைப்படுவது குளிர்காலத்தில்தான். வீடுகளைச் சூடாக்க வேண்டும், பகல் வெளிச்சமும் குறைவு. சூரிய மின்சாரம் அந்த நேரத்தில் பெரிதாகக் கைகொடுக்காது. ஆனால் காற்று பலமாக வீசுவது அதே குளிர்காலத்தில்தான். அதோடு குளிர்ந்த காற்று அடர்த்தியானது. 20 டிகிரியில் உள்ள காற்றை விட மைனஸ் 10 டிகிரியில் உள்ள காற்றின் அடர்த்தி சுமார் 10 சதவீதம் அதிகம். அதே வேகத்தில் வீசினாலும் இறக்கைகளை அது பலமாகத் தள்ளும்.

கடல் உறைந்துகிடக்கும் மாதங்களும், காற்றாலை அதிகம் உழைக்க வேண்டிய மாதங்களும் ஒன்றுதான். பழுதானால் ஆள் போய்ச் சரிசெய்வது கடினமான மாதங்களும் அவைதான். அதனால்தான் இந்தக் காற்றாலைகளின் பாதுகாப்பு, பனி வருவதற்கு வெகு முன்பே, அடித்தளத்தின் வடிவத்தை முடிவு செய்யும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது.